பெயர் பார்த்து எழுதிய எட்டு விண்ணப்பங்கள்

கார்த்திகை மழை ஓயாது பெய்யும் நாட்களில் எமது ஊர்களில் சில வீடுகளிலே இரவு நெடுநேரம் விளக்கு எரிவதைக் காணலாம். அது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கு அன்று. பட்டம் பெற்று முடித்த பிள்ளை, மேற்படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதும் விளக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கலாநிதிப் பட்ட விண்ணப்பங்களை டிசெம்பர் மாதத்துடனோ ஜனவரி மாத நடுப்பகுதியுடனோ முடித்துவிடுகின்றன. ஆகையால் அந்த ஆறேழு வாரங்களும் வீடு முழுவதும் ஒரு விரதம்போலக் கழிகின்றன. பிள்ளை எழுதுகிறது, தாய் தேநீர் வைக்கிறாள், தகப்பன் செலவை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார், மாமன் ஆலோசனை கூறுகிறார். இந்த நால்வருள்ளும் மிகக் குறைவாக அறிந்து, மிக உரத்துப் பேசுபவர் மாமனே. அந்த மாமன் நாமே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

வடமராட்சியில் முப்பது ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியர் நாம். எமது தமக்கையாரின் மகள் வகையீட்டையும் தொகையீட்டையும் எம்மிடமே கற்றவள். பின்னர் இந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே புள்ளிவிபரவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் படித்து, முதல் வகுப்பிற் சித்தியெய்தினாள். அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவியும் கிடைத்தது. வெளிநாடு சென்று கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இது 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது.

ஒருநாள் மாலை அவள் ஒரு தாளுடன் வந்தாள். அதிலே பதினான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்கள் இருந்தன. எட்டுப் பெயர்கள் உலகறிந்தவை. மற்றைய ஆறும் நாம் ஒருகாலும் கேள்விப்படாதவை. சில மாநிலங்களின் பெயரைத் தாங்கியவை. சில ஊர்களின் பெயரைத் தாங்கியவை.

"இவை என்ன பல்கலைக்கழகங்கள், பிள்ளை? இவற்றின் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்?" என்று கேட்டோம்.

"புள்ளிவிபரவியலில் நல்ல துறைகள் உள்ள இடங்கள், மாமா," என்றாள்.

நாம் பேனாவை எடுத்தோம். கேள்விப்படாத ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாக வெட்டினோம். "முதல் வகுப்புப் பெற்ற நீ ஏன் தாழப் பறக்க வேண்டும்? எட்டுக்கு எழுது. எட்டில் ஒன்றாவது கிடைக்காமற் போகாது," என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை. எம்மிடம் கணிதம் கற்ற பிள்ளையல்லவா!

நாம் இப்படிப் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. அது எமக்கு மட்டும் உரியதன்று. 1921 இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இலங்கைச் சர்வகலாசாலை தோன்றியது 1942 இலேதான். அந்தக் காலத்துப் பெரியவர்களின் மடியில் வளர்ந்த எமக்கு, லண்டன், கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போட் என்னும் பெயர்களே கல்வியின் மறுபெயர்களாக இருந்தன. பிற்காலத்தில் அமெரிக்காவின் சில பெயர்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பெயரை அறிந்தோம், ஆனால் அந்த வாசலுக்குள் யார் நுழைகிறார்கள், எப்படி நுழைகிறார்கள், உள்ளே சென்றபின் எவர் செலவில் வாழ்கிறார்கள் என்பதை அறியோம்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஏறத்தாழ நூறு டொலர் கட்டணம். எட்டுக்கு எண்ணூறு. அப்போது டொலரொன்று இருநூறு ரூபாய் அளவில் இருந்தது. தமக்கையார் தமது இரண்டு காப்புகளையும் அடைவு வைத்தார். அடைவு வைத்த செய்தியை அவர் எமக்குச் சொல்லவில்லை. கை வெறுமையாக இருந்ததை நாமே கண்டோம்.

2022 பெப்ரவரியில் விடைகள் வரத் தொடங்கின. நாட்டில் எரிபொருள் இல்லை. நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைத்தொலைபேசியைத் திறந்து அவள் மின்னஞ்சலை வாசிப்பாள். வாசித்தபின் ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பாள். அந்தச் செய்கையைக் கண்டே விடை என்னவென்று அறிந்துகொள்வோம். அப்படி ஏழு முறை கவிழ்த்து வைத்தாள்.

எட்டாவது கடிதம் வேறு விதமாக வந்தது. கலாநிதிப் பட்ட வகுப்பில் இடமில்லை என்றும், விரும்பினால் முதுமாணி வகுப்பிற் சேரலாம் என்றும் அக்கடிதம் கூறியது. நாம் துள்ளிக் குதித்தோம். "பார்த்தாயா? எட்டில் ஒன்று!" என்றோம். அடுத்த வீட்டுக்குச் சென்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லிவிட்டோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நாம் அப்போது வாசித்திருக்கவில்லை. கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக ஆண்டொன்றுக்கு எண்பதினாயிரம் டொலருக்கு மேல் வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. பல்கலைக்கழகம் ஒரு சதமேனும் உதவாது.

அன்றிரவு தமக்கையாரிடமும் அத்தானிடமும் நாம் பேசிய பேச்சை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. வீட்டு வளவையும் தோட்டக் காணியையும் விற்றுவிடலாம் என்றோம். "காணி போனால் திரும்ப வாங்கலாம், இந்தப் பெயர் திரும்ப வராது," என்றோம். அத்தான் தலைகுனிந்திருந்தார். தமக்கையார், "தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார். அதுவரை மூலையில் இருந்த பிள்ளை எழுந்து வந்தாள்.

"மாமா, இது அனுமதிக் கடிதம் அன்று, விலைச்சீட்டு. எனக்குக் காணி விற்ற காசில் படிக்க விருப்பமில்லை," என்றாள்.

எமக்குக் கோபம் வந்தது, எழுந்து வந்துவிட்டோம். ஆனால் நாட்டின் நிலைமை அவளுடைய சொல்லுக்குச் சாட்சி கூறியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாயை எட்டியது. எண்பதினாயிரம் டொலர் என்பது ஒரு கோடி அறுபது இலட்சம் ரூபாயிலிருந்து இரண்டு கோடி எண்பத்தெட்டு இலட்சம் ரூபாயாகிவிட்டது. நாம் சொன்னபடி காணியை விற்றிருந்தால், காணியும் போய், படிப்பும் நடுவில் நின்றிருக்கும்.

சில வாரங்களின் பின் கோபம் தணிந்து அவளைக் காணச் சென்றோம். "எட்டுக்கு எழுதினால் ஒன்றாவது கிடைக்கும் என்று நினைத்தேனே, பிள்ளை. எங்கே பிழைத்தது?" என்று கேட்டோம். அவள் ஒரு தாளை எடுத்து எமக்குப் பாடம் நடத்தினாள்.

"ஓரிடத்தில் அனுமதி கிடைக்கப் பத்திலொரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காமற் போகும் நிகழ்தகவு பத்தில் ஒன்பது. எட்டு இடங்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், எட்டிலும் கிடைக்காமற் போவது நூற்றில் நாற்பத்து மூன்று. ஆகவே ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஐம்பத்தேழு. நீங்கள் மனத்தில் போட்ட கணக்கு இது. ஆனால் அவை சாராதவை அல்ல, மாமா. எட்டுப் பேரும் வாசித்தது ஒரே பெறுபேற்றுப் பத்திரம். அதே மூன்று பேராசிரியர்களின் கடிதங்கள். ஓரிடத்தில் எது குறையென்று பட்டதோ அதுவே எட்டு இடத்திலும் குறையாகப் படும். ஒரே சீட்டை எட்டுப் பிரதி எடுத்து லொத்தருக்குப் போட்டோம்."

முப்பது ஆண்டுகள் நிகழ்தகவு படிப்பித்த எமக்கு இந்தப் பாடம் புதிதன்று. ஆனால் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு அவளுக்குக் கடினமாகக் கழிந்தது. "ஒரு வருடம் வீணாய்ப் போயிற்று, நல்ல சம்பந்தம் வந்தால் பார்த்து முடித்துவிடுங்கள்," என்று சொல்ல உறவினர் பலர் இருந்தனர். தமக்கையாரும் மனந் தளர்ந்தார். அவளுடைய பேராசிரியர் ஒருவர் மட்டும் சி. ஆர். ராவ் அவர்களின் கதையை அவளுக்கு நினைவூட்டினாராம். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்ற ராவ், ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலுக்கு எழுதிய விண்ணப்பம் பிந்திச் சேர்ந்ததால் நிராகரிக்கப்பட்டது. இராணுவத்தில் ஒரு வேலை தேடிக் கல்கத்தா சென்றார், அதுவும் கிடைக்கவில்லை. அங்கே தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலம் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தைப் பற்றி அறிந்து, 1941 இல் அங்கே சேர்ந்தார். அதன்பின் அவருடைய பெயரைக் கூறாமல் புள்ளிவிபரவியற் பாடநூல் எழுத முடியாத நிலை வந்தது. 2023 இல் அவர் தமது 102 ஆவது வயதில் காலமானார். மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒருவருடைய அறிவைப் பற்றிய தீர்ப்பு அன்று என்பதை அப்பிள்ளை அந்தக் கதையிலிருந்து கற்றுக்கொண்டாள்.

2022 நடுப்பகுதியில் இரண்டாவது பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினாள். இம்முறை பேனா அவளிடம் இருந்தது. நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அவள் செய்தவற்றை இங்கே ஒழுங்காக எழுதுவது, இவ்வாண்டு விளக்கெரிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலாவதாக, தன் குறையை அறிந்தாள். புள்ளிவிபரவியற் கலாநிதி வகுப்புக்கு மாணவரைத் தெரிவோர் பெரிதும் நோக்குவது கணித அடித்தளத்தையே. பல மாறிகளின் நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், மெய்ப் பகுப்பாய்வு, நிகழ்தகவுக் கோட்பாடு ஆகியவற்றில் நல்ல பெறுபேறு வேண்டும். அவளுடைய பத்திரத்தில் மெய்ப் பகுப்பாய்வு ஒரே பாடமாக இருந்தது, புள்ளியும் நடுத்தரம். ஆகவே அவ்வாண்டு கணிதத்துறையின் உயர்பாடம் ஒன்றில் மாணவர்களோடு மாணவியாக அமர்ந்து, பரீட்சையும் எழுதினாள். மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம் மட்டும் பெற்ற பிள்ளைகள் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்கத் துறைகள் பல நான்கு ஆண்டுப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. அப்படிப்பட்டவர்கள் பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கற்கை நிறுவகம் போன்ற ஓரிடத்தில் முதலில் முதுமாணிப் பட்டத்தைப் பெற்றுக்கொள்வது நன்று.

இரண்டாவதாக, கடிதங்களைத் திருத்தினாள். திருத்தினாள் என்றால் எழுதியவர்களைத் திருத்தினாள் என்பதன்று. எழுதுவதற்குப் பொருளைக் கொடுத்தாள் என்பதே. முதலாண்டுக் கடிதங்கள் அவளை ஒழுக்கமானவள், நேரந் தவறாதவள், பணிவுள்ளவள் என்று புகழ்ந்திருக்க வேண்டும். எமது நாட்டு வழக்கம் அது. கலியாணப் பேச்சுக்கு உதவும் அந்தச் சொற்கள் ஆராய்ச்சிக்கு உதவா. இம்முறை அவள், சுகாதாரத் திணைக்களத்தின் வாராந்தத் தொற்றுநோய் அறிக்கைகளிலிருந்து மாவட்டவாரியான டெங்கு நோயாளர் எண்ணிக்கையை எடுத்து, மழை வீழ்ச்சியோடு ஒப்பிட்டு ஒரு சிறு ஆய்வு செய்தாள். அதை மேற்பார்வை செய்த பேராசிரியரிடம், அந்த ஆய்வைப் பற்றியே எழுதும்படி கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவதாக, பணத்தைப் பற்றித் தெளிந்தாள். அமெரிக்காவில் புள்ளிவிபரவியற் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலான நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தை நீக்கி, கற்பித்தல் உதவியாளர் பதவியும் மாதாந்தப் படியும் வழங்குகின்றன. முதுமாணி மாணவர் பெரும்பாலும் தம் பணத்திலேயே படிக்க வேண்டும். பெயர்பெற்ற இடத்தின் முதுமாணி வகுப்பில் சேர்வது கலாநிதி வகுப்பில் சேர்வதிலும் எளிதாக இருப்பது இதனாலேயே. முதலாண்டுச் செலவுக்குப் பணமுண்டு என்று சான்று காட்டினாலன்றி, மாணவ வீசாவுக்கு வேண்டிய படிவத்தைப் பல்கலைக்கழகம் தராது. உதவியாளர் பதவிக் கடிதமே அந்தச் சான்றாகும். காணி உறுதி தேவையில்லை.

இதிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. மருத்துவத்தோடு தொடர்புடைய உயிர்ப்புள்ளிவிபரவியல் துறைகள் சிலவற்றில் மாணவரின் செலவு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் பயிற்சி மானியத்திலிருந்து வருகிறது. அந்த மானியம் அந்நாட்டுக் குடிகளுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது. எனவே அத்தகைய துறையில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் இடங்கள் வெளியில் தெரிவதிலும் குறைவு. டெங்கு ஆய்வு செய்த எமது மருமகளுக்கு அத்துறையிலே மிகுந்த ஆசை. இதை அறிந்தபின், புள்ளிவிபரவியல் துறைகளிலே சேர்ந்து, அங்கிருந்து நோய்த்தரவு பற்றிய ஆய்வு செய்யலாம் என்று முடிவு செய்தாள்.

நான்காவதாக, ஒவ்வொரு துறையின் மாணவர் பட்டியலையும் எடுத்துப் பார்த்தாள். எந்த நாடுகளிலிருந்து, எத்தகைய பல்கலைக்கழகங்களிலிருந்து பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்? தன் நாட்டிலிருந்து ஒருவராவது உண்டா? எத்தனை பேர் முடித்து வெளியேறுகிறார்கள்? முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? தான் விரும்பும் ஆய்வைச் செய்யும் பேராசிரியர் ஒருவர் மட்டும் இருந்தால் அந்தப் பெயரை விட்டுவிட்டாள். அந்த ஒருவர் இடம் மாறிப் போனால் என்ன செய்வது? மூவராவது இருந்த இடத்தையே எழுதினாள். இளமாணி மாணவர் ஆயிரக்கணக்கில் புள்ளிவிபரவியல் கற்கும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் உதவியாளர் அதிகம் தேவைப்படுவர் என்பதையும் கவனித்தாள். அந்தப் பதவிக்கு ஆங்கிலம் எழுத வந்தாற் போதாது, வகுப்பிலே பேச வரவேண்டும் என்பதால், தன் விரிவுரைகளையே பயிற்சியாகக் கொண்டாள்.

பட்டியல் வளர வளர, நாம் முதலாண்டில் வெட்டிய பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "எல்லாம் விவசாயப் பல்கலைக்கழகங்களாக இருக்கின்றனவே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம்.

அவள் சிரித்தாள். "மாமா, இந்தப் படிப்பே வயலில் வளர்ந்ததுதானே?" என்றாள்.

அது உண்மை. 1919 இல் கார்ல் பியர்சன் லண்டனிலே தமது புகழ்பெற்ற ஆய்வுகூடத்தில் பதவி தர முன்வந்தபோது, றொனால்ட் பிஷர் அதை ஏற்கவில்லை. றொதம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கே சென்றார். அங்கே பசளை இட்ட பாத்திகளின் விளைச்சற் கணக்குகளை ஆராய்ந்தபோதே, பரிசோதனைகளைத் திட்டமிடும் முறையும் மாறற்றிறன் பகுப்பாய்வும் உருவாயின. அமெரிக்காவிலும் அப்படியே. 1862 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் விவசாயத்தையும் தொழிற்கலையையும் கற்பிக்கவென நிலமானியம் பெற்றெழுந்த கல்லூரிகள் பல, பின்னர் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களாயின. சோள வயல்களின் நடுவே ஏம்ஸ் என்னும் சிற்றூரில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஜோர்ஜ் ஸ்நெடெக்கர் 1933 இல் புள்ளிவிபரவியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். பிஷர் 1931 இலும் 1936 இலும் கோடைகாலத்தில் அங்கே சென்று விரிவுரையாற்றினார்.

அந்த ஏம்ஸ் ஊரில் 1931 இல் புள்ளிவிபரவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றவர் ஜேர்ட்றூட் கொக்ஸ் அம்மையார். வட கரோலினாவில் ஒரு புதிய துறைக்குத் தலைவர் தேவை என்று கேட்டபோது, ஸ்நெடெக்கர் ஆண்கள் சிலரின் பெயரை எழுதிவிட்டு, பெண்ணொருவரை ஏற்பீர்களாயின் இவரைச் சிபாரிசு செய்வேன் என்ற கருத்தில் கொக்ஸ் அம்மையாரையும் குறிப்பிட்டார். 1940 இல் அப்பதவி அவருக்கே கிடைத்தது. ஆளை அறிந்து எழுதிய ஒரு கடிதத்தின் வலிமை அத்தகையது. இன்று உலகெங்கும் புள்ளிவிபரவியலாளர் பயன்படுத்தும் ஆர் என்னும் கணினி மொழியும், நாம் வெட்டாமல் விட்ட எட்டுப் பெயர்களுள் எதிலும் பிறக்கவில்லை. 1990 களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது.

கடைசியில் ஆறு பெயர்கள் எஞ்சின. இரண்டு, எட்டுவதற்குக் கடினமானவை; ஆசைக்கு இடங் கொடுக்காமல் வாழ முடியுமா? மூன்று, அவளைப் போன்றவர்கள் சேர்ந்து வெற்றியோடு முடித்த இடங்கள். ஒன்று, பெரும்பாலும் கிடைக்கும் என்று நம்பத்தக்கது. "கடைசி ஒன்று கிடைத்தால் உண்மையிலேயே போவாயா?" என்று கேட்டோம். "போகமாட்டேன் என்றால் அதற்கு ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்?" என்றாள். ஆறுக்கும் கட்டணம் நானூறு டொலரைச் சற்றே தாண்டியது. ஆனால் டொலர் முந்நூற்றறுபது ரூபாய்க்கு மேல் நின்றமையால், முதலாண்டில் எட்டுக்குச் செலவான ரூபாயே இந்த ஆறுக்கும் ஏறத்தாழச் செலவாயிற்று. இம்முறை அவள் தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் செலுத்தினாள். காப்புகள் இன்னும் அடைவில்தான் இருந்தன.

2023 இன் முதல் மூன்று மாதங்களிலும் விடைகள் வந்தன. கடினமான இரண்டும் மறுத்தன. நடுவிலிருந்த மூன்றில் ஒன்று மறுத்தது. ஒன்று காத்திருக்கச் சொன்னது. ஒன்று உதவியாளர் பதவியுடன் அழைத்தது. நம்பத்தக்கது என்று எழுதிய இடமும் அழைத்தது. கைத்தொலைபேசியை அவள் கவிழ்த்து வைக்காத அந்த இரவில், தமக்கையார் சுவாமி அறைக்குச் சென்று நெடுநேரம் வெளியே வரவில்லை.

இரண்டில் எதைத் தெரிவது? முன்னது பெரிய நகரம். ஆனால் பதவியை ஓராண்டுக்கே உறுதி கூறியது, நகரத்து வீட்டு வாடகையோ படியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பின்னது சோள வயல்களின் நடுவே உள்ள சிற்றூர். படியும் சற்றுக் குறைவு. ஆயினும் படிப்பு ஒழுங்காக நடக்கும்வரை ஐந்தாண்டுகளுக்கு உதவி உண்டு என்று எழுதியிருந்தது. உதவிப்பணத்துடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 ஆம் நாளுக்கு முன் விடை கூறும்படி மாணவரை நெருக்குவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் உடன்பட்டுள்ளன. அந்த அவகாசத்தை அவள் வீணாக்கவில்லை. இரண்டு இடங்களிலும் படிக்கும் மாணவர்களுக்கு எழுதி, வாடகை என்ன, பேராசிரியர்கள் மாணவரைச் சந்திக்கிறார்களா, தகுதிப் பரீட்சையில் எத்தனை பேர் தவறுகிறார்கள் என்று கேட்டாள். பின்னர் எம்மிடம் வந்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மாமா?" என்றாள். எமது வாயில் பெரிய நகரத்தின் பெயரே வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "உனக்குச் சரியென்று படுவதைச் செய், பிள்ளை," என்றோம். அவள் சிற்றூரைத் தெரிந்தாள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கட்டுநாயக்காவில் வழியனுப்பினோம்.

இதனால் எல்லாரும் அமெரிக்காவுக்கே செல்ல வேண்டும் என்று நாம் கூறவில்லை. கனடாவில் ஆய்வு முதுமாணி மாணவருக்குக்கூடப் பல துறைகள் உதவிப்பணம் அளிக்கின்றன. அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவருக்கெனப் போட்டிப் புலமைப்பரிசில்கள் உண்டு. ஒரே நாட்டின் வாசலை மட்டும் நம்பியிருப்பதும் ஒரே சீட்டை எட்டுப் பிரதி எடுப்பது போன்றதே. 2025 மே மாத இறுதியில் மாணவ வீசா நேர்முகத்துக்குப் புதிய நாட்கள் வழங்குவதை அமெரிக்கா சில வாரங்கள் நிறுத்திவைத்தபோது, கையில் அனுமதியிருந்தும் கலங்கிய பிள்ளைகள் பல நாடுகளிலும் இருந்தனர். ஆறு பெயர் எழுதுபவர், அவற்றில் ஒன்றிரண்டை வேறு நாட்டில் எழுதுவது புத்தி.

பெற்றோருக்கும் எம்மைப் போன்ற மாமன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை செல்லும் இடத்தின் பெயர் எமது ஊரார் அறிந்ததாக இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். அந்தப் பெயரைச் சொல்லி மகிழும் நேரம் ஒரு கலியாண வீட்டில் ஐந்து நிமிடம். அந்த இடத்தில் பிள்ளை வாழப்போவதோ ஐந்தாண்டு. குளிரிலும் தனிமையிலும், படிப்பு விளங்காத இரவுகளிலும், அவளுக்குத் துணை நிற்பது நாம் சொல்லி மகிழும் பெயர் அன்று. மாதம் தவறாமல் வரும் படியும், கதவைத் தட்டினால் திறக்கும் பேராசிரியரும், முன்னே அதே வழியில் நடந்துபோன ஒருவருமே. நாம் ஐந்து நிமிடத்துக்காகக் காணியை விற்கப் பார்த்தோம்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் பழைய நண்பர் ஒருவர் எம்மிடம், "மருமகள் எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். "அது எங்கே இருக்கிறது?" என்றார். "சோளத் தோட்டத்துக்கு நடுவே," என்றோம். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முன்னரென்றால் எமக்கு நாணமாக இருந்திருக்கும். அன்று பந்தியில் தமக்கையார் பரிமாறிக்கொண்டிருந்தார். அவருடைய கைகளில் இரண்டு காப்புகளும் இருந்தன. முதலாண்டு முடிவில் பிள்ளை தன் படியில் மிச்சம்பிடித்து அனுப்பிய பணத்தில் மீட்டவை அவை.

இப்போது அவள் தகுதிப் பரீட்சையைத் தாண்டி ஆய்வில் ஈடுபட்டிருக்கிறாள். எமது ஊர்ப் பிள்ளைகள் சிலர் அவளுக்கு எழுதி ஆலோசனை கேட்கிறார்களாம். எல்லாருக்கும் விவரமாக விடை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரியைத் தவறாமற் சேர்ப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியிற் சொல்லிச் சிரித்தாள்: "பட்டியலை உன் மாமாவிடம் காட்டுமுன் எனக்கு அனுப்பு."